எல்லைக்கோட்டுக்கு வெளியே – 11: வெம்ப்ளி முதல் கோர்டோபா வரை

1977 ஜூன் 4, சனிக்கிழமை. லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் ஸ்காட்லாந்து இங்கிலாந்தை 2-1 என்று வென்றிருந்தது. கோர்டன் மெக்வீன் தலையால் முட்டிய கோல் ஒன்று, கென்னி டால்கிளிஷ் போட்டது ஒன்று. ஆட்டம் முடியும் தறுவாயில் இங்கிலாந்துக்குப் பெனால்டியில் கிடைத்த கோலை யாரும் பொருட்படுத்தவில்லை. நடுவர் கடைசி விசில் ஊதியதும் காலரிகளிலிருந்து கூட்டம் மடை திறந்தாற்போல் இறங்கியது. கட்டம்போட்ட துணித்தொப்பி, மணிக்கட்டில் முடிந்த மஃப்ளர், அகலக்கால் பேண்ட். கோல் கம்பத்தின் மேல் ஏறி வரிசையாக உட்கார்ந்தார்கள். பாரம் தாங்காமல் குறுக்குக்கட்டை முறிந்தது. வேறு சிலர் மண்டியிட்டு, கையில் அகப்பட்டதைக் கொண்டு மைதானத்தின் புல்லைப் பாளம் பாளமாகப் பெயர்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் புல் ரயிலிலும் பஸ்ஸிலும் வடக்கே போனது. ஸ்காட்லாந்தில் பல வீட்டுக் கொல்லைகளில் நடப்பட்டது. எங்கள் தோட்டத்தில் இருப்பது வெம்ப்ளிப் புல் என்று பல வருஷம் பெருமை பேசியவர்கள் உண்டு.

எலிசபெத் அரசி அரியணை ஏறிய வெள்ளிவிழாவுக்கு லண்டன் தோரணம் கட்டிக்கொண்டிருந்த வாரம் அது. அந்த நேரத்தில் தலைநகரின் நடுக்கூடத்தில் புகுந்து இப்படிச் செய்தவர்களைப் பத்திரிகைகள் சும்மா விடுமா? காட்டுக்கூட்டம் என்று எழுதின. ஆனால் இதே கூட்டத்துக்கு 1992இல் ஸ்வீடனில் நடந்த ஐரோப்பியப் போட்டியில் சிறந்த ரசிகர்கள் என்று யூஃபா பாராட்டு வழங்கியது. பதினைந்து வருஷத்தில் இவர்கள் எப்படி மாறினார்கள் என்று பல விளக்கங்கள் சொல்வார்கள். என் கட்சி எளியது. இடையில் அர்ஜென்டினா வந்தது.

முதலில் அந்தக் கூட்டம் எப்படி வெம்ப்ளிக்கு வந்து சேர்ந்தது என்று பார்க்கலாம். இங்கிலாந்து–ஸ்காட்லாந்து ஆட்டம் அப்போது வருஷா வருஷம் நடக்கும். ஒரு வருஷம் கிளாஸ்கோவின் ஹாம்ப்டன் பார்க், மறு வருஷம் வெம்ப்ளி. ஆக, லண்டன் பயணம் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை. அதற்காகக் கப்பல் கட்டும் தளங்களிலும் தொழிற்சாலைகளிலும் மதுக்கடைகளிலும் ‘வெம்ப்ளி கிளப்’ என்று ஒன்று வைத்திருந்தார்கள். நம் ஊர் தீபாவளிச் சீட்டு மாதிரிதான். வாரா வாரம் சம்பள நாளில் ஒருவர் நோட்டுப் புத்தகத்தோடு வருவார். இத்தனை ஷில்லிங் என்று கட்ட வேண்டும். இரண்டு வருஷம் முடியும்போது ரயில் கட்டணம், டிக்கெட், வழிச்செலவுக்குக் குடி எல்லாம் அதில் அடங்கிவிடும். இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் ஸ்காட்லாந்துக்கு ஒதுக்கும் டிக்கெட் இவர்களுக்கு ஒரு மூலைக்குக் காணாது. மிச்சத்தை லண்டனிலேயே வாங்கிக்கொள்வார்கள். அதனால்தான் இங்கிலாந்தின் சொந்த மைதானத்தில் இங்கிலாந்து ஆட்டக்காரர்கள் வெளியூர் அணி போல நிற்க வேண்டியிருந்தது.

சென்ற இதழில் 1974 வரை வந்திருந்தோம். தகுதி கிடைத்தும் 1950 உலகக் கோப்பைக்குப் போகாத நாடு என்றால் நமக்கு இந்தியாதான் நினைவுக்கு வரும். ஸ்காட்லாந்தும் அந்த வரிசைதான். பிரிட்டிஷ் போட்டியில் முதலிடம் பிடித்தால்தான் பிரேசிலுக்குப் போவோம் என்று அவர்களுடைய சங்கச் செயலாளர் ஜார்ஜ் கிரேயம் முறுக்கிக்கொண்டார். ஹாம்ப்டனில் இங்கிலாந்திடம் 0-1 என்று தோற்று இரண்டாமிடம் வந்ததும் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். இரண்டாமிடத்துக்கும் இடம் உண்டு என்று ஃபிஃபா சொல்லியும் கேட்கவில்லை. 1974இல் மேற்கு ஜெர்மனி போய், ஓர் ஆட்டத்தில்கூடத் தோற்காமல், பிரேசிலோடும் யூகோஸ்லாவியாவோடும் டிரா செய்தும், கோல் வித்தியாசத்தில் வெளியேறினார்கள். வீறாப்பும் கணக்குப் பிசகும் இந்த அணியின் கூடப்பிறந்தவை.

1977 மே மாதம் அணியின் மேனேஜராக வந்தார் ஆலி மெக்லியோட். அபர்டீன் கிளப்புக்கு லீக் கோப்பை வாங்கிக் கொடுத்துவிட்டு வந்த சூட்டோடு இருந்தார். நீளமான மூக்கு, ஓயாத வாய். நான் ஜெயிக்கப் பிறந்தவன் என்று ஆட்டக்காரர்களிடம் தம்மை அறிமுகப்படுத்திக்கொண்டவர். மூன்றாவது வாரத்திலேயே வெம்ப்ளி வெற்றி. அதே மாதம் தென்னமெரிக்கச் சுற்றுப்பயணம். சாண்டியாகோவில் சிலியை 4-2 என்று வென்றார்கள். பினோசெட்டின் ஆட்கள் 1973இல் கைதிகளை அடைத்துச் சித்திரவதை செய்த மைதானம் அது. அங்கே ஆடக் கூடாது என்று ஸ்காட்லாந்துத் தொழிற்சங்கங்களிலிருந்து எதிர்ப்புக் குரல் எழுந்தது. கால்பந்துச் சங்கம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இந்த ஒரு விஷயத்தில் ரசிகர்களில் ஒரு பகுதியினருக்குச் சங்கத்தைவிட மனசாட்சி அதிகம் இருந்தது என்பதைப் பதிவு செய்துவிட்டுப் போகிறேன்.

உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் மூன்றே அணிகள்: செக்கோஸ்லோவாக்கியா, வேல்ஸ், ஸ்காட்லாந்து. ஒரே ஓர் இடம். செக்கோஸ்லோவாக்கியா 1976 ஐரோப்பியச் சாம்பியன். பிராகில் ஸ்காட்லாந்து 0-2 என்று தோற்றது. பிறகு ரெக்ஸ்ஹாமில் வேல்ஸ் அதே செக் அணியை 3-0 என்று கவிழ்த்தது. செப்டம்பர் 21 அன்று ஹாம்ப்டனில் ஸ்காட்லாந்தும் 3-1 என்று கவிழ்த்தது. மிச்சமிருந்தது வேல்ஸுடனான ஆட்டம். அதில் வென்றால் அர்ஜென்டினா.

அந்த ஆட்டம் வேல்ஸின் சொந்த ஆட்டம். ஆனால் வேல்ஸில் நடக்கவில்லை. அங்கிருந்த மைதானங்களில் எத்தனை பேரை உள்ளே விடலாம் என்பதைப் பாதுகாப்பு விதிகள் கட்டிப்போட்டிருந்தன. வேல்ஸ் சங்கத்துக்கு வசூல் வேண்டும். எனவே ஆட்டத்தை லிவர்பூலின் ஆன்ஃபீல்டுக்கு மாற்றினார்கள். கிளாஸ்கோவிலிருந்து லிவர்பூலுக்குச் சாலை நேர், வெம்ப்ளியைவிடப் பக்கம். வேல்ஸ்காரர்களுக்கென்று விற்ற டிக்கெட்டுகளும் எப்படியோ ஸ்காட்லாந்துக்காரர்கள் கைக்கே போய்ச் சேர்ந்தன. 1977 அக்டோபர் 12 இரவு அங்கே கூடிய 50,000 சொச்சம் பேரில் வேல்ஸின் சிவப்பைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. லிவர்பூல் ரசிகர்களின் கோட்டையான ‘காப்’ காலரி முழுக்க சிங்கம் பொறித்த மஞ்சள் கொடி. பணத்துக்கு ஆசைப்பட்டுச் சொந்த மண்ணை விற்ற கதை என்று வேல்ஸில் இன்றும் திட்டுவார்கள். நியாயம்தான்.

ஆட்டம் நெருக்கமாகப் போனது. கோல் இல்லை. பன்னிரண்டு நிமிஷம்போல மிச்சமிருக்கும்போது ஸ்காட்லாந்துக்கு ஒரு த்ரோ. பந்து நீளமாகப் பெனால்டி பகுதிக்குள் வந்து விழுகிறது. ஸ்காட்லாந்தின் ஜோ ஜோர்டானும் வேல்ஸின் டேவிட் ஜோன்ஸும் ஒன்றாக எழும்புகிறார்கள். இரண்டு தலைகளுக்கு மேலே ஒரு கை நீண்டு பந்தைத் தட்டுகிறது. பிரெஞ்சு நடுவர் ராபர் வுர்ட்ஸ் தயங்காமல் பெனால்டி இடத்தைக் காட்டினார். கை வேல்ஸ்காரருடையது என்பது அவர் தீர்ப்பு. தொலைக்காட்சியில் திரும்பப் பார்த்தவர்களுக்கு அந்தக் கையில் முழுநீளக் கருநீலச் சட்டை தெரிந்தது. கருநீலம் ஸ்காட்லாந்தின் நிறம். ஜோர்டான் அதைத் தன் கை என்று ஒப்புக்கொண்டதே இல்லை. டான் மேசன் பெனால்டியைப் போட்டார். கடைசி நிமிஷங்களில் டால்கிளிஷ் தலையால் முட்டி இரண்டாவது கோல். அந்த ஆகஸ்டில்தான் செல்டிக்கிலிருந்து 4,40,000 பவுண்டுக்கு லிவர்பூலுக்கு வந்திருந்தார். ஆக அவருக்கு அது சொந்த மைதானம்.

திருட்டுப் பெனால்டியா என்று ஸ்காட்லாந்தில் யாரும் தூக்கம் கெட்டதாகத் தெரியவில்லை. இங்கிலாந்து தகுதி பெறவில்லை. இத்தாலிக்குப் பின்னால் நின்றுவிட்டது. தொடர்ந்து இரண்டாவது முறையாகப் பிரிட்டனிலிருந்து போகும் ஒரே அணி ஸ்காட்லாந்து. அவர்களுக்கு இதைவிட இனிப்பான செய்தி இருக்க முடியாது.

அங்கிருந்து அடுத்த எட்டு மாதம் ஒரு தேசம் முழுக்கக் காய்ச்சல் கண்டது போலக் கிடந்தது. குறைந்தது ஒரு பதக்கத்தோடு திரும்புவோம் என்று மெக்லியோட் சொன்னார். கேட்கக் கேட்கக் கூட்டிச் சொன்னார். அவர் முகம் தரைவிரிப்பு விளம்பரத்தில் வந்தது. நகைச்சுவை நடிகர் ஆண்டி கேமரன் ‘ஆலிஸ் டார்ட்டன் ஆர்மி’ என்று ஒரு பாட்டுப் பாடினார். அது பிரிட்டிஷ் தரவரிசையில் ஆறாம் இடம் வரை ஏறியது. ராட் ஸ்டூவர்ட் அணியோடு சேர்ந்து பாடியது நான்காம் இடம். டார்ட்டன் என்பது ஸ்காட்லாந்தின் குலக்குறியான கட்டத்துணி. ‘டார்ட்டன் படை’ என்ற பெயர் அதற்கு முன்பே புழங்கியது என்றாலும் வீட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்தது இந்தப் பாட்டால்தான்.

பெருவை யாரும் போய்ப் பார்க்கவில்லை. முதல் ஆட்டம் பெருவோடு. மெக்லியோட் அந்த அணி ஆடி நேரில் பார்க்காமலே கிளம்பினார். வலது பின்வரிசையில் நம்பிக்கையான டேனி மெக்ரெய்ன் காயத்தில் இருந்தார். மே மாதம் ஹாம்ப்டனில் நடந்த பிரிட்டிஷ் போட்டியில் வட அயர்லாந்தோடு 1-1, வேல்ஸோடு 1-1, இங்கிலாந்திடம் 0-1. வேல்ஸ் ஆட்டத்தில் கோல் கம்பத்தில் மோதி மெக்வீனும் காயம்பட்டார். மூன்று ஆட்டமும் சொந்த மைதானம். ஒன்றில்கூட வெற்றி இல்லை. வீட்டுச் சுவரில் விரிசல் விட்டிருப்பதைப் பார்த்துக்கொண்டே கிரகப்பிரவேசப் பத்திரிகை அடித்தார்கள். இங்கிலாந்திடம் தோற்ற அன்றும் கூட்டம் கலையாமல் நின்று மெக்லியோட்டைக் கூப்பிட்டுக் கைதட்டியது.

உச்சம் மே 25. ஆட்டமே இல்லாத ஒரு நாள், ஹாம்ப்டனில் 25,000 பேருக்கு மேல் காசு கொடுத்து உள்ளே வந்தார்கள். எதற்கு? அணியை வழியனுப்ப. ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைக்கப்பட்டு மைதானத்துக்குள் வந்து கையசைத்தார்கள். பிறகு திறந்த பஸ்ஸில் ஏறி ஓடுபாதையைச் சுற்றினார்கள். கோப்பையோடு வருகிறவர்கள் செய்கிற காரியத்தைப் போகும்போதே செய்தாயிற்று. ஆட்டக்காரர்கள் சிலருக்கே அது கூச்சமாக இருந்ததாகப் பின்னாளில் சொன்னார்கள். பிரஸ்ட்விக் விமான நிலையம் வரை சாலையின் இரு பக்கமும் ஜனம்.

அர்ஜென்டினா பக்கத்து ஊரா என்ன? விமானக் கட்டணம் ஒரு தொழிலாளிக்கு எட்டாத தொகை. எனவே விதவிதமாகக் கிளம்பினார்கள். வேலையை விட்டவர்கள் இருந்தார்கள். மலிவு விமானத்தில் நியூயார்க் வரை போய், அங்கிருந்து பஸ்ஸிலும் லாரியிலும் கைகாட்டி ஏறியும் மெக்சிகோ, மத்திய அமெரிக்கா என்று இறங்கினார்கள். பனாமாவில் சாலை முடிந்துவிடும். கொலம்பியாவுக்குள் போகக் காடு வழிவிடாது. அங்கே வந்த பிறகுதான் வரைபடத்தைச் சரியாகப் பார்த்தவர்களும் உண்டு. நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றை வாடகைக்கு எடுக்கச் சிலர் விசாரித்தார்கள் என்று ஒரு கதை ஸ்காட்லாந்தில் இன்றும் உலவுகிறது. உண்மையோ பொய்யோ, அந்த வசந்தத்தில் அதை நம்ப ஆள் இருந்தார்கள் என்பதே போதும். பாடியவர்கள் லட்சம் பேர். போய்ச் சேர்ந்தவர்கள் சொற்பம்.

போய்ச் சேர்ந்த இடமும் லேசுப்பட்டதல்ல. 1976 மார்ச்சில் ஆட்சியைப் பிடித்த ராணுவம் விதேலா தலைமையில் நடத்திய உலகக் கோப்பை அது. ஆட்கள் காணாமல் போய்க்கொண்டிருந்த நாடு. அணி தங்கியது கோர்டோபாவுக்கு அருகே ஆல்டா கிராசியா என்ற சிற்றூரில். சே குவேரா சிறுவனாக வளர்ந்த ஊர். ஓட்டலைச் சுற்றித் துப்பாக்கிக் காவல். நீச்சல் குளம் இருந்தது, தண்ணீர் இல்லை. பயிற்சி மைதானம் மேடும் பள்ளமும். ஊக்கத்தொகை எவ்வளவு என்பது பற்றிப் பேசி முடிக்காமலே கிளம்பிவந்திருந்தார்கள்; அந்தச் சண்டை இங்கே வெடித்தது. நடுக்களத்தில் மேசனும் புரூஸ் ரியோக்கும் ஓய்ந்துபோயிருந்தார்கள். லிவர்பூலில் கொடிகட்டிப் பறந்த கிரேயம் சூனஸ் பெஞ்சில் இருந்தார்.

ஜூன் 3, கோர்டோபா. ஜோர்டான் முதல் கோல் போட்டார். எல்லாம் திட்டப்படி நடப்பது போலத்தான் இருந்தது. இடைவேளைக்குச் சற்று முன் குவேத்தோ சமன் செய்தார். இரண்டாம் பாதியில் ஸ்காட்லாந்துக்குப் பெனால்டி. ஆன்ஃபீல்டில் போட்ட அதே மேசன். கோல்கீப்பர் கிரோகா தடுத்துவிட்டார். அதன் பிறகு தியோஃபிலோ குபில்லாஸின் ஆட்டம். வெளியிலிருந்து ஓர் இடி. பிறகு ஃப்ரீ கிக்கில் காலின் வெளிப்புறத்தால் சுவரைச் சுற்றி வளைத்து மேல்மூலைக்கு ஒன்று. 3-1. அந்த ஃப்ரீ கிக்கை இன்று பார்த்தாலும் ஸ்காட்லாந்துக்காக வருத்தப்படத் தோன்றாது. அவ்வளவு அழகு.

அன்று ஆட்டம் முடிந்ததும் சோதனைக்கு எடுத்தவர்களில் விங்கர் வில்லி ஜான்ஸ்டன் ஒருவர். ‘ரியாக்டிவான்’ என்ற மாத்திரையில் இருந்த தடைசெய்த ஊக்கமருந்து அவர் சிறுநீரில் இருந்தது. ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். மறுபடி நாட்டுக்கு ஆடவே இல்லை.

நான்கு நாள் கழித்து ஈரான். ஈரானுக்கு அதுதான் முதல் உலகக் கோப்பை. மைதானத்தில் எண்ணாயிரம் பேர்கூட இல்லை. காலிப் படிகளில் குரல் எதிரொலிக்கும். ஸ்காட்லாந்துக்குக் கிடைத்த ஒரே கோலையும் ஈரானின் எஸ்கந்தரியான் தன் வலையிலேயே போட்டுக்கொடுத்தார். தனாயிஃபர்த் சமன் செய்தார். 1-1. பெஞ்சில் மெக்லியோட் இரு கைகளிலும் தலையைப் புதைத்துக்கொண்டிருந்த காட்சியைக் கேமரா பிடித்தது. பாதிக் கண்டத்தைத் தரைவழியாகக் கடந்து வந்த ரசிகர்கள் ஆட்டக்காரர்கள் வெளியேறும் வாயிலருகே கூடி, வாயில் வந்ததையெல்லாம் சொல்லிக் கத்தினார்கள். காசைத் திருப்பிக் கொடு என்றார்கள். இந்தத் தொடரில் இதுவரை வந்த ரசிகர் கூட்டங்களில், தன் அணியை இத்தனை பக்கத்தில் நின்று, இத்தனை செலவு செய்து வந்து திட்டிய கூட்டம் வேறில்லை. எனக்கு அவர்கள் மேல் கோபம் வரவில்லை. திட்டுவதற்கும் ஓர் உரிமை வேண்டும். அதைக் கால்நடையாகச் சம்பாதித்திருந்தார்கள்.

கடைசி ஆட்டம் ஜூன் 11, மென்டோசா. எதிரே நெதர்லாந்து, 1974இல் இறுதி ஆட்டம் வரை போன அணி. ஸ்காட்லாந்து தப்பிக்க வேண்டுமானால் மூன்று கோல் வித்தியாசத்தில் வெல்ல வேண்டும். சூனஸ் ஒருவழியாகக் களம் இறங்கினார். ஆட்டமே வேறாகிவிட்டது. ரென்சென்பிரிங்க் பெனால்டியில் முதல் கோல் போட்டார். உலகக் கோப்பை வரலாற்றின் ஆயிரமாவது கோல் அது. இடைவேளைக்கு முன் டால்கிளிஷ் சமன் செய்தார். இடைவேளை முடிந்து வந்ததும் ஆர்ச்சி கெமில் பெனால்டியில் 2-1.

பிறகு அறுபத்தெட்டாவது நிமிஷம். கெமில் குள்ளமானவர், வழுக்கை விழத் தொடங்கியிருந்தது. வலது பக்கம் பந்து அவரிடம் வருகிறது. முதலில் வந்தவரை ஒரே தட்டில் தாண்டினார். இரண்டாவது க்ரோல், தரையில் சறுக்கி வந்தார், அவரையும் தாண்டியாயிற்று. மூன்றாவது போர்ட்விலீட். அவர் கால்களுக்கு நடுவே பந்தைச் செலுத்தி, மறுபக்கம் ஓடி எடுத்தார். கோல்கீப்பர் யோங்ப்ளூட் முன்னால் பாய, இடது காலால் அவர் தலைக்கு மேலே தூக்கி வலையில் போட்டார். 3-1. இன்னும் ஒரே ஒரு கோல்.

மூன்று நிமிஷம் அந்த ஒரு கோல் சாத்தியமாக இருந்தது. ஜானி ரெப் தூரத்திலிருந்து அடித்த பந்து 3-2 ஆக்கியது. அதோடு முடிந்தது. பெருவுக்கு 5 புள்ளி, நெதர்லாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் தலா 3. மறுபடி கோல் வித்தியாசம். நெதர்லாந்து அங்கிருந்து மறுபடியும் இறுதி ஆட்டம் வரை போனது.

கெமிலின் கோல் இல்லாமல் போயிருந்தால் நல்லதாக இருந்திருக்குமோ என்று எனக்கு அடிக்கடி தோன்றும். பெருவிடமும் ஈரானிடமும் பட்டதோடு நின்றிருந்தால் இது மோசமான அணி, அவ்வளவுதான் என்று ஊர் மறந்திருக்கும். இவர்களால் ஆட முடியும், ஆனால் வேண்டிய நாளில் ஆட மாட்டார்கள் என்பதல்லவா தெரிந்துவிட்டது! அதுதான் ஆறாத புண். ஸ்காட்லாந்துக் குடும்பங்களில் 1978 பற்றிப் பேச்சு எழுந்தால் ஈரானைப் பற்றிப் பெரியவர்கள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். மென்டோசா என்றால் சிரிப்பு நின்றுவிடும்.

திரும்பி வந்த அணிக்குக் கிளாஸ்கோவில் கூச்சல்தான் வரவேற்பு. மெக்லியோட் செப்டம்பர் வரை தாக்குப் பிடித்தார். வியன்னாவில் ஆஸ்திரியாவிடம் தோற்றதும் விலகினார். ஜாக் ஸ்டைன் வந்தார். 1979 மார்ச் 1 அன்று ஸ்காட்லாந்துக்குத் தனிச் சட்டமன்றம் வேண்டுமா என்று வாக்கெடுப்பு நடந்தது. வாக்களித்தவர்களில் 51.6 சதவீதம் வேண்டும் என்றார்கள். ஆனால் மொத்த வாக்காளர்களில் 40 சதவீதம் வேண்டும் என்று நாடாளுமன்றம் வைத்திருந்த நிபந்தனைக்கு அது போதவில்லை. கோர்டோபாவில் போன தன்னம்பிக்கைதான் காரணம் என்று எழுதுவது பத்திரிகைக்காரர்களுக்குப் பழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அந்தக் குளிர்காலத்து வேலைநிறுத்தங்களும் தொழிற்கட்சி அரசின் சரிவும் இருக்க, குபில்லாஸின் காலில் பழியைப் போடுவது அநியாயம். ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ளலாம். நாங்கள் பெரிய ஆட்கள் என்று மார்தட்டிச் சொல்லும் தைரியம் அந்த நாட்டுக்குக் கொஞ்ச காலம் இல்லாமல் போனது.

ரசிகர்களிடம் அது வேறு விதமாக வேலை செய்தது. வெற்றியை நம்பிப் போனால் பைத்தியம் பிடிக்கும்; ஆனால் போகாமல் இருக்கவும் முடியாது. எனவே போவதையே விசேஷமாக்கிக்கொண்டார்கள். ஊர் பார்ப்பது, பாடுவது, உள்ளூர்க்காரர்களோடு குடிப்பது, நடுவில் தொண்ணூறு நிமிஷம் ஓர் ஆட்டம். இது ஒரே நாளில் நடக்கவில்லை. 1980 மே மாதம் ஸ்காட்டிஷ் கோப்பை இறுதி ஆட்டத்தில் செல்டிக், ரேஞ்சர்ஸ் ரசிகர்கள் ஹாம்ப்டன் புல்லின் மேலேயே அடித்துக்கொள்ள, குதிரைப்படை இறங்க வேண்டியதாயிற்று. அதைத் தொடர்ந்து மைதானத்துக்குள்ளும் ரசிகர் பஸ்களிலும் மது கூடாது என்று சட்டம் வந்தது. 1981இல் வெம்ப்ளி ஆட்டத்துக்கு ஸ்காட்லாந்துக்காரர்களுக்கு டிக்கெட்டே கிடையாது என்றது இங்கிலாந்துச் சங்கம். வழக்கம்போல் வந்து சேர்ந்தார்கள். ராபர்ட்சனின் பெனால்டியில் 1-0 என்று வென்றும் திரும்பினார்கள். கம்பங்கள் முறியவில்லை.

இன்னொரு காரணம் எல்லையின் தெற்கே இருந்தது. 1980இல் டூரினில் இங்கிலாந்து ரசிகர்களைக் கலைக்க இத்தாலியப் போலீஸ் கண்ணீர்ப்புகை வீசியது. மறு வருஷம் பாசலில் கலவரம். ஐரோப்பா முழுக்க இங்கிலாந்து ரசிகன் என்றால் கடைக் கதவைச் சாத்தினார்கள். இங்கிலாந்து எதுவோ அதற்கு நேர் எதிராக நிற்பதில் ஸ்காட்லாந்துக்காரனுக்குப் பரம்பரைச் சுகம். அவர்கள் அடிதடி என்றால் நாங்கள் கட்டிப்பிடிப்பு. நல்ல பெயருக்குப் பின்னால் கொஞ்சம் வீம்பும் இருந்தது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. எழுபதுகளில் ரசிகர்களிடையே அதிகம் பார்க்க முடியாத கில்ட் பாவாடையும் பின்னால்தான் படையின் சீருடை ஆனது. நான் இங்கிலாந்துக்காரன் இல்லை என்று தூரத்திலேயே சொல்லிவிடும் உடை அது.

1982 ஸ்பெயினில் இதன் முதல் முழு அரங்கேற்றம். ஸ்டைன் அணியை மீண்டும் தகுதி பெறவைத்திருந்தார். மலாகாவில் நியூசிலாந்தை 5-2 என்று வென்றார்கள். ஜூன் 18, செவில், எதிரே பிரேசில். டேவிட் நேரி பதினெட்டாவது நிமிஷத்தில் முதல் கோல் போட்டார். ஜீக்கோ, ஆஸ்கர், எடர், ஃபல்காவ் ஆளுக்கொன்றாகத் திருப்பிக் கொடுத்தார்கள். 1-4. இதைப் போல ஒன்று நான்கு வருஷம் முன்பு நடந்திருந்தால் மெக்லியோட்டைத் தூக்கில் போட்டிருப்பார்கள். செவிலில் மஞ்சள் சட்டைக்காரர்களின் முரசுக்குக் கட்டத்துணிக்காரர்கள் ஆடினார்கள். மேலங்கிகள் கை மாறின.

ஜூன் 22 அன்று மலாகாவில் சோவியத் யூனியனை வென்றால் அடுத்த சுற்று. ‘குடிகாரர்களா, கம்யூனிஸ்டுகளா’ என்ற பொருளில் ஒரு பதாகை காலரியில் தொங்கியது. தம்மைத் தாமே கேலி செய்துகொள்ளும் இந்தத் துணிச்சல் 1978இல் அவர்களிடம் இல்லாத சரக்கு. ஜோர்டான் முதல் கோல். சிவாட்ஸே சமன். ஆட்டம் முடிய ஆறு நிமிஷம் இருக்கையில் ஸ்காட்லாந்தின் பின்வரிசைக்காரர்களான ஹேன்சனும் மில்லரும் ஒருவரோடொருவர் மோதி விழ, ஷெங்கேலியா தனியே ஓடிப்போய் இரண்டாவது கோலைப் போட்டார். சூனஸ் 2-2 ஆக்கியது போதவில்லை. 1974, 1978, 1982: மூன்று உலகக் கோப்பை, மூன்றிலும் முதல் சுற்று, மூன்றிலும் கோல் வித்தியாசம்.

விமான நிலையத்தில் இந்த முறை யாரும் கூச்சல் போடவில்லை. மெக்சிகோவுக்கு எவ்வளவு செலவாகும் என்று கணக்குப் போட ஆரம்பித்திருந்தார்கள்.

அடுத்த இதழில்: 1985 செப்டம்பர் 10, கார்டிஃப். மறுபடி வேல்ஸ், மறுபடி ஒரு கை, மறுபடி ஒரு பெனால்டி. ஜாக் ஸ்டைனின் கடைசி இரவு.

(தொடரும்)